நாற்பத்திரண்டாவது ஃபைல்

பட்டியலில் இருந்தது நாற்பத்தொரு ஃபைல். பெட்டிக்குள் இருந்தது நாற்பத்திரண்டு. புருஷோத்தமன் இரண்டு தடவை எண்ணினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது தடவையும் எண்ணினார். அப்புறம்தான் தலையைத் தூக்கி, "இது ஒண்ணு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

பிளெசிக்குச் சில்லிட்டது. அந்தக் கட்டடத்தில் சில்லிடுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, மருந்து கம்பெனியின் குளிர்க்கிடங்கு அது. ஆனால் இது அந்தச் சில்லிப்பு இல்லை.

ஊசி மருந்துகளை இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் காப்பாற்றி வைக்கிற இடம். அந்த எல்லையைத் தாண்டினால் அலறி ஆளைக் கூப்பிடும் பெட்டிகளை, செகந்திராபாத் பக்கம் நாச்சாரத்தில் தகர ஷெட் போட்ட ஒரு சின்ன கம்பெனி செய்கிறது. பிளெசி அங்கே வேலைக்குச் சேர்ந்து ஆறாவது மாதம். பெட்டி என்றால் உள்ளே ஒரு குட்டி கம்ப்யூட்டர். மௌஸ் கிடையாது, படம் கிடையாது. தள்ளுவண்டியில் ஒரு கீபோர்டையும் சின்னத் திரையையும் வைத்துப் பெட்டிக்குப் பெட்டி தள்ளிக்கொண்டு போய் ஒயரை மாட்ட வேண்டும். கறுப்புத் திரையில் எடிட்டர் என்கிற எழுதும் புரோகிராமைத் திறந்து, இது எந்த அறை, எத்தனை டிகிரி ஏறினால் அலற வேண்டும், யாருக்குப் போன் போக வேண்டும் என்று வரிவரியாக எழுதிச் சேமிக்க வேண்டும். மொத்தம் பத்துப் பெட்டி. ஆறு முடிந்திருந்தது. புருஷோத்தமன் அந்த மருந்து கம்பெனியின் தரப் பிரிவு அதிகாரி. முடிந்ததில் ஒன்றைத் திறந்து எண்ணிப் பார்ப்பது அவர் வேலை.

பிளெசியின் ப்ரொபேஷன் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. இந்த இடத்தை அவள் தனியாகச் செய்து முடித்தாள் என்று கிரி ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான். கிரி அவளுக்கு நாலு வருஷம் சீனியர். படித்தவர்கள் குடியிருக்கிற தார்நாகாவில் பிறந்து வளர்ந்தவன். அப்பா விஞ்ஞானி என்பதை அவன் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லாமலே தெரிகிற மாதிரி நடந்துகொள்வான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் திறந்தான்.

"அது எடிட்டரோட கூடவே வர்றது சார். டீஃபால்ட். எங்க லிஸ்ட்ல ஏத்த விட்டுப்போச்சு."

"கூடவே வர்றதா?"

"ஹவ் சார், ஆமா. எடிட்டரைத் திறந்தா அதுவே உண்டாக்கிக்கும்."

பொய். சுத்தமான, இஸ்திரி போட்ட பொய். அந்த ஃபைல் தானாக உண்டாகவில்லை. ஆறு பெட்டியிலும் பிளெசிதான் மனப்பாடமாகத் தட்டி உண்டாக்கினாள். மொத்தம் எட்டே வரி. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருப்பதால் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது. பத்தையும் முடித்துவிட்டுக் கடைசியில் ஒரே மூச்சில் அழித்துவிடலாம் என்று வைத்திருந்தாள். நடுவிலேயே வந்து, மறைந்திருப்பதையும் சேர்த்துக் காட்டச் சொல்லி எண்ணுவார் என்று யார் கண்டது?

அந்த எட்டு வரியின் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிளெசி டிகிரி படித்தது ஒரு பழைய லேப்டாப்பில். யாரோ தண்ணீரைக் கொட்டி, காய வைத்து, விற்றது. கன்ட்ரோல் பட்டன் இரண்டும் செத்தவை. எடிட்டரில் சேமிக்க, வெட்ட, தேட, எல்லாவற்றுக்கும் கன்ட்ரோலைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மேல் வரிசை எஃப் பட்டன்கள். அதிலும் பாருங்கள், சேமிக்கிற எஃப் மூன்று செத்தது, தேடுகிற எஃப் ஆறு செத்தது, வெட்டுகிற எஃப் ஒன்பது செத்தது. தேர்ந்தெடுத்துக் கொன்ற மாதிரி. வெளியே ஒரு கீபோர்டு வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று வகுப்பில் கேட்டார்கள். மேஜை இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி அது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கீபோர்டை எங்கே வைப்பது, தலையிலா?

அந்த எடிட்டரில் எந்தப் பட்டன் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று நாமே மாற்றி எழுதிக்கொள்ள முடியும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் செமஸ்டர் பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது, ஏதோ ஒரு பக்கத்தில் படித்துத் தானே கண்டுபிடித்தாள். உயிரோடு இருந்த பட்டன்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். எஃப் இரண்டு சேமிக்க. எஃப் நான்கு வரியை வெட்ட. எஃப் ஐந்து தேட. எஃப் எட்டு வெளியே போக. திரையின் அடியில் எந்தப் பட்டன் எதற்கு என்று எடிட்டரே இரண்டு வரியில் காட்டிக்கொண்டிருக்கும். அதை மறைக்கவும் ஒரு வரி எழுதினாள். எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்று ஒரு திமிர். அந்தத் திமிரில்தான் பாஸ் பண்ணினாள், அதைக் குறை சொல்வதற்கில்லை.

கம்பெனியில் நல்ல கீபோர்டு கிடைத்தது. விரல் மாறவில்லை. முதல் வாரம், புதுப் பெட்டி ஒன்றில் ஒரு வரியை வெட்டுவதற்காக எஃப் நான்கைத் தட்டினாள். மாற்றி எழுதாத எடிட்டரில் எஃப் நான்குக்கு வேறு வேலை. வரிகளையெல்லாம் இழுத்து ஒரே பத்தியாகச் சேர்த்துவிடும். பன்னிரண்டு வரியும் சோறும் குழம்பும் ரசமும் மோரும் ஒரே தட்டில் கொட்டிப் பிசைந்த மாதிரி ஆனது. கிரி நாற்காலியில் பின்னால் சாய்ந்து சிரித்தான். "என்ன பிளெசி, கவிதை எழுதறியா?" அன்றிலிருந்து அவள் எந்தப் பெட்டியைத் தொட்டாலும் முதல் வேலை அந்த எட்டு வரி.

புருஷோத்தமன் ஃபைலைத் திறந்து பார்த்தார். எட்டு வரியையும் உதட்டசைத்துப் படித்தார். அவர் மருந்துக்காரர், கம்ப்யூட்டர்காரர் இல்லை.

"சரி. டீஃபால்ட்னா டீஃபால்ட். அப்ப பத்துலயும் இருக்கணும். லிஸ்ட்ல நாப்பத்திரெண்டுன்னு ஏத்திடறேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"இப்பவே குடுத்துடறோம் சார்," என்றான் கிரி.

அவர் காகிதத்தை எடுக்கப் போனதும் கிரி அவள் பக்கம் திரும்பினான். "ஏம்மா, உனக்கு ஏதாவது இருக்கா மேல? நல்ல வேளை மனுஷன் நம்பிட்டான். மிச்ச நாலுலயும் போட்டுடு. சோலி முடிஞ்சுது."

பிளெசிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது என்னவென்று சொல்ல அவளுக்கே வெட்கமாக இருக்கும். சந்தோஷம். செத்த பட்டன்களைச் சுற்றி வளைந்து வளைந்து அவள் போட்ட வழி, பத்துப் பெட்டியில், முத்திரை வைத்த பட்டியலில், அதிகாரப்பூர்வமாக ஏறப் போகிறது. வகுப்பில் கேட்டவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும் போல இருந்தது. இனிமேல் இதுதான் டீஃபால்ட். போங்கடா.

அந்தச் சந்தோஷம் பத்து நிமிஷம் இருந்தது.

ரமணி வந்தாள். கிடங்கின் டெக்னீஷியன். வெளியே மே மாத வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்க, உள்ளே ஸ்வெட்டரும் தலையில் குல்லாவும் கையில் தடித்த உறையுமாக இருந்தாள். நாற்பது வயதிருக்கும். செகந்திராபாத் தமிழ்.

"பாப்பா, நாளைலேர்ந்து நான்தான இதைப் பாக்கணும். ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கறேன். ஏன்னா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க."

"பாருங்கக்கா. பழைய பெட்டி மாதிரியேதான்."

"பழைய பெட்டியா, அது எனக்குக் கண்ணை மூடிட்டு வரும். ரெண்டு வருஷமாப் பாக்கறேன்ல? தினம் காலையில தொறந்து, எல்லை எவ்வளவுன்னு பாத்து, நோட்ல எழுதி, மூடிடுவேன்."

எடிட்டரைத் திறந்தாள். அம்புக்குறியைத் தட்டி எட்டு டிகிரி இருந்த வரிக்கு வந்தாள். உறை போட்ட கை எண் பட்டன்களில் எட்டின் மேலும் பட்டது. எட்டு எண்பத்தெட்டாகியது.

"அரே, இந்தக் கையுறையால எப்பவும் இதே தொல்லை," என்று சிரித்தாள். "பரவால்ல. எஃப் ரெண்டு தட்டினா சேவ் பண்ணட்டுமான்னு கேக்கும். நக்கோ, வேணாம்னு சொல்லிட்டு வெளிய வந்துடுவேன்."

எஃப் இரண்டைத் தட்டினாள்.

எதுவும் கேட்கவில்லை. பதினான்கு வரி எழுதப்பட்டது என்று மட்டும் காட்டியது. ரமணி மறுபடியும் தட்டினாள். மறுபடியும் எழுதியது.

"என்ன பாப்பா, வெளிய போக மாட்டேங்குது? என்னமோ எழுதுச்சு. என்ன எழுதுச்சு?"

பிளெசி திரையைப் பார்த்தாள். அந்த அறையின் மருந்து இப்போது எண்பத்தெட்டு டிகிரி வரைக்கும் கொதிக்கலாம். பெட்டி வாயைத் திறக்காது. பழைய பெட்டிகளில் எஃப் இரண்டு என்றால் வெளியே போக. அதுதான் உண்மையான டீஃபால்ட். இரண்டு வருஷமாக ரமணியின் விரல் அந்த எஃப் இரண்டை நம்பி இருக்கிறது, பிளெசியின் விரல் எஃப் நான்கை நம்பின மாதிரியே. ஒரே வித்தியாசம், பிளெசி ஏமாந்தபோது ஒருத்தன் சிரித்தான். ரமணி ஏமாந்தால் மருந்து கெடும், கெட்டது யாருக்கும் தெரியாமல் யார் கையிலோ ஊசியாக ஏறும். அப்புறம் ரமணியைக் கேட்பார்கள்.

எட்டைத் திரும்ப எட்டாக்கிச் சேமித்தாள். விரல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். குளிர் என்று ரமணி நினைத்துக்கொண்டாள், ஒரு உறையைக் கழற்றிக் கொடுத்தாள்.

வெளியே வராந்தாவில் கிரி போனில் இருந்தான். அவன் முடிக்கும் வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை.

"இந்த ஃபைலை வைக்கக் கூடாது. ரமணி அக்கா எஃப் ரெண்டு தட்டி வெளிய போறவங்க. நம்ம ஃபைல் இருந்தா அது சேவ் பண்ணிடுது. இப்ப என் கண்ணு முன்னாடி எண்பத்தெட்டுன்னு சேவ் ஆச்சு."

கிரி போனை வைத்தான். "அவ்வளவுதானே? ட்ரெயினிங் குடுத்துடு. நாலு பட்டன். ஒரு சீட்டுல எழுதி ஒட்டிட்டுப் போ."

"அவங்களுக்கு ரெண்டு வருஷப் பழக்கம். பக்கத்து ரூம்ல பழைய பெட்டி இருக்கு. அங்க ஒரு மாதிரி, இங்க ஒரு மாதிரியா?"

"பிளெசி, நான் உன்னைக் காப்பாத்தத்தான் சொன்னேன். புரியுதா?"

"என்னையா, உங்களையா? ஆறு பெட்டிக்கும் செக் பண்ணேன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. ஒண்ணைக்கூடத் திறந்து பாக்கல."

அவன் முகம் மாறியது. அடிபட்ட முகத்தைப் பார்ப்பது நன்றாகத்தான் இருந்தது, ஒரு நொடி. ஆனால் அவன் திறந்து பார்த்திருந்தாலும் தப்பு அவளுடையதுதானே என்பதும் அதே நொடியில் உறைத்தது. அதுதான் எரிச்சல். கோபத்தை முழுசாக யார் மேலும் கொட்ட முடியவில்லை.

"போய்ச் சொல்லு," என்றான் கிரி. "சொல்லிட்டு உன் நிரந்தரத்தை அந்த ஆளுகிட்டயே வாங்கிக்கோ."

புருஷோத்தமன் மேஜையில் பட்டியலில் நாற்பத்திரண்டாவது வரியை எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், அது டீஃபால்ட் இல்ல. நான் போட்டது."

அவர் பேனாவை மூடவில்லை. "எதுக்கு?"

சொன்னாள். சுருக்கமாகச் சொல்ல நினைத்தது நீண்டுவிட்டது. லேப்டாப், எஃப் நான்கு, ரமணி, எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு என்றதும்தான் அவர் பேனாவை மூடினார்.

"லிஸ்ட்ல பேனாவால எழுதிட்டேனேம்மா," என்றார், ஏதோ சமையலில் உப்பு கூடிப்போன மாதிரி. இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். விதிமீறல் அறிக்கை. "என்ன நடந்தது, எதனால நடந்தது, இனிமே நடக்காம இருக்க என்ன செய்யணும். மூணு கட்டம். நீயே எழுது."

பின்னாலேயே வந்த கிரி குனிந்து காதோடு சொன்னான். "எதனாலங்கற இடத்துல மனிதத் தவறுன்னு போடு. எல்லாரும் அதான் போடுவாங்க. அதோட விட்டுடும்."

மனிதத் தவறு. கையெழுத்துப் போட ஒரு மனிதன் கிடைத்துவிட்டால் மற்ற எல்லாம் ஒழுங்கு என்று அர்த்தம். பிளெசி அப்படி எழுதவில்லை. அவள் கை தவறிச் செய்யவில்லை, தெரிந்தே செய்தாள். எட்டு வரியையும் ஒரு பிழையில்லாமல் ஆறு தடவை தட்டினாள். அதைப் போய்த் தவறு என்பதா?

எதனால் என்ற கட்டத்தில் இப்படி எழுதினாள்: 'பழுதான கீபோர்டில் கற்றுக்கொண்டதால் எனக்கு வேறு பட்டன்கள் பழக்கம். மாற்றாத எடிட்டரில் வேலை செய்யப் பழகவில்லை. அது தெரிந்தும் மறைத்தேன்.' மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. தனக்காக எழுதுவதா, கம்பெனிக்காகவா? யோசித்தாள். ஒரு ஆள் திருந்தினால் போதும் என்றால் அடுத்து சேருகிற ஆள் என்ன செய்வான்? 'ஆளை வெளியே அனுப்பும் முன் இதே பெட்டியில் ஒரு வாரமாவது பழக்க வேண்டும். இதுவரை அப்படிப் பழக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறவர் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.'

கிரி படித்தான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டான். புருஷோத்தமனும் படித்தார். பாராட்டவில்லை, திட்டவுமில்லை. முத்திரை குத்தினார்.

"ஆறுலயும் அழி. என் முன்னாடி அழி. மிச்ச நாலை என் முன்னாடியே செய்."

அழித்தாள். ஏழாவது பெட்டிக்கு வண்டியைத் தள்ளினாள். எடிட்டரைத் திறந்ததும் கை எஃப் நான்குக்குப் போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையின் அடியில் அந்த இரண்டு வரி இருந்தது. அவளுடைய லேப்டாப்பில் மூன்று வருஷமாக மறைத்து வைத்திருந்தவை. எதை அமுக்கினால் என்ன ஆகும் என்று யார் வந்தாலும் காட்டுகிற வரிகள். படித்தவன், படிக்காதவன், மேஜை இருக்கிறவன், இல்லாதவன் என்று அது பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கீழே பார்த்து, பட்டனைத் தேடி, தட்டினாள். பாட்டி ரோடு கடக்கிற வேகம். ஆறு பெட்டியை முடிக்க ஆன நேரம் இந்த நாலுக்கு ஆனது. நடுவில் ரமணி ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் பாப்பா இவ்ளோ மெதுவா? நான் வேணா தட்டட்டுமா?" என்றாள். கேலிதான். பிளெசிக்கு அன்று முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள் முதலாளி கூப்பிட்டார். திருநாவுக்கரசு, ஷெட்டிலேயே ஒரு கண்ணாடி அறை. மேஜை மேல் அந்தப் படிவத்தின் நகலும் ஒரு கடிதமும் இருந்தன.

"நம்ம குறையைக் கஸ்டமர் ஃபைல்ல எழுதி வெச்சுட்டு வந்திருக்கே. அங்க அது பத்து வருஷம் இருக்கும், தெரியுமா?"

"பொய் எழுதிருந்தாலும் பத்து வருஷம் இருக்கும் சார்."

"வாய்." ஆனால் குரலை உயர்த்தவில்லை. "பெட்டி பத்தும் ஓடுது. அவங்க ஏத்துக்கிட்டாங்க. அடுத்த பேட்ச்லேர்ந்து ஒரு வாரப் பழக்கம் வைக்கறதா நானும் எழுதிக் குடுத்தாச்சு, வேற வழி? ஆனா கிரி கையெழுத்துப் போட மாட்டேங்கறான். அவனை மீறி உன்னை நிரந்தரம் பண்ண என்னால முடியாது. ப்ரொபேஷன் மூணு மாசம் நீட்டிச்சிருக்கு."

கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். எதிர்பார்த்ததுதான். அழுகிற ஆள் இல்லை அவள். கடிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தாள். அழாமல் இருக்க அது ஒரு வழி.

"காரணம்னு 'வேலைத் திறன் போதவில்லை'ன்னு போட்டிருக்கு சார்."

"எல்லாத்துக்கும் போடறதுதான் அது. ஃபார்மட்."

"திறன் போதும். பத்துப் பெட்டி ஓடுதுன்னு நீங்களே சொன்னீங்க."

"அப்ப என்ன போடறது?"

"நான் செஞ்சதைப் போடுங்க. அனுமதியில்லாம ஒரு ஃபைல் வெச்சேன். அதைப் போடுங்க."

திருநாவுக்கரசு அவளைப் பார்த்தார். இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்கிற பார்வை. கண்ணாடிக்கு வெளியே கிரி ஏதோ ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி பேனாவை எடுத்தார். 'வேலைத் திறன் போதவில்லை' என்பதை அடித்துவிட்டு, அதன் மேல், 'வாடிக்கையாளர் இடத்தில் அனுமதியில்லாத ஃபைலைச் சேர்த்தது' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

"இது அதைவிட மோசமா இருக்கு, தெரியுதா?"

"தெரியுது சார்."

மோசமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்தது அதுதான். பிளெசி பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடுமுன் இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"மூணு மாசம்னு மட்டும் இருக்கு. என்னிக்கு வரைக்கும்னு தேதி போடல."

அவர் பெருமூச்சு விட்டுக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். தேதியைப் போட்டுக் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.